விலை நமது, பொருள் யாருடையது?

ஆண்டுதோறும் ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் மின்னணுப் பொருள்களின் மாபெரும் கண்காட்சி கூடுகிறது. தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்வோர் அவ்வாண்டுக்குரிய புதுமைகளை அங்கே அறிவிக்கின்றனர். அந்த ஆரவாரம் அடங்கிய சில வாரங்களில் ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாவில் கைப்பேசிகளுக்கான கண்காட்சி தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் மேடையை அமைக்கிறது. சாம்சங், கூகுள், சீன நிறுவனங்கள் என ஏனையோரின் மேடைகள் இடையிடையே வந்து போகின்றன. உழவர்க்கு ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்பது போல, நுகர்வோருக்கும் இப்போது அறிவிப்புப் பட்டம் என்று ஒன்று வந்துவிட்டது.

இந்த மேடைகளில் சொல்லப்படுவது என்ன? திரையின் ஒளி சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது, கேமராவின் கண்கள் பெருகியிருக்கின்றன, உடல் இன்னும் மெலிந்திருக்கிறது, நிறம் புதியது. உடனே நாமும் கருத்துச் சொல்லத் தொடங்குகிறோம். தேநீர்க் கடையிலும், கல்லூரி வளாகத்திலும், திருமண வீட்டுப் பந்தியிலும் இதே பேச்சு. அந்த நிறம் அழகு, இந்தக் கேமரா மேல், அவர் பெட்டியைவிட இவர் பெட்டி அகலம் என்று தீர்ப்பு வழங்குகிறோம்.

ஆனால் மேடையில் அரிதாகவே சொல்லப்படுகிற, நாமும் அரிதாகவே கேட்கிற மூன்று செய்திகள் உண்டு. இந்தப் பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும்? பழுதானால் அதை யார் சரிசெய்யலாம்? நாம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தபின் அது யார் சொற்படி நடக்கும்?

இம்மூன்றையும் கேட்கத் தவறியதால் நாம் இழந்திருப்பது சிறிதன்று. விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உரியது என்பது எளிய மக்களும் அறிந்திருந்த பழைய நீதி. அந்த நீதி ஓசையின்றி நம் கையிலிருந்து பறிக்கப்படுகிறது. இதுவே நாம் முன்வைக்கும் குற்றச்சாட்டு. பணம் நம்முடையது, கடன் நம்முடையது, மாதத் தவணை நம்முடையது. பொருள் மட்டும் நம்முடையதாக இல்லை.

தேய்மானம் ஒரு கொள்கை

பொருள்கள் விரைவில் பழசாவது காலத்தின் இயல்பு என்று நாம் எண்ணுகிறோம். வரலாறு வேறு கதை சொல்கிறது. 1924-ஆம் ஆண்டில் மின்விளக்குகளைச் செய்யும் பெருநிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஃபீபஸ் கூட்டணி என்று அதற்குப் பெயர். அதுவரை 1,500 மணி நேரத்துக்கு மேலும் எரிந்த விளக்குகள் உண்டு. இனி 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று அவர்கள் வரையறுத்தனர். வரையறையை மீறி நீண்டநாள் எரியும் விளக்கைச் செய்த உறுப்பு நிறுவனம் தண்டம் கட்ட வேண்டும். நீண்டநாள் எரியும் விளக்கு சற்று மங்கலாக எரியும் என்ற பொறியியல் நியாயம் ஓரளவு உண்டுதான். ஆயினும் நன்றாக உழைக்கும் பொருளைச் செய்தவனுக்குத் தண்டம் என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

அதே 1920-களில், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைமையில் வேறொரு வழியைக் கண்டது. ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்றுவது. பழைய கார் நன்றாகவே ஓடும். ஆனால் அதை ஓட்டுபவனுக்குத் தன் கார் பழசு என்ற கூச்சம் வந்துவிடும். பொருளைத் தேயச் செய்வது முதல் வழி; மனத்தைத் தேயச் செய்வது இரண்டாவது வழி. இன்றைய அறிவிப்பு மேடைகள் இவ்விரண்டு வழிகளுக்கும் வாரிசுகள். நூறாண்டுக்கு முன் விளக்கிலும் காரிலும் தனித்தனியே செய்ததை இன்று ஒரே கைப்பேசியில் சேர்த்துச் செய்கிறார்கள்.

எடுத்துக்கொண்டதை விற்றல்

2016 செப்டம்பரில் ஐபோன் 7 அறிவிக்கப்பட்டபோது, ஹெட்போன் கம்பியைச் செருகும் துளை அதில் இல்லை. இவ்வாறு நீக்கியதைத் துணிவு என்று மேடையில் நின்று பாராட்டிக்கொண்டார்கள். அதே மேடையில், கம்பியில்லாமல் காதில் செருகிக்கொள்ளும் ஏர்பாட்ஸ் என்ற கருவி 159 டாலர் விலைக்கு அறிவிக்கப்பட்டது. துளையைத் துணிவோடு எடுத்தவர்களே அந்த இழப்புக்கான மருந்தையும் விற்றார்கள். அந்த மருந்தின் ஆயுளும் அளவுபட்டது. கருவிகளைப் பிரித்துப் பார்த்துப் பழுது நீக்கும் எளிமைக்கு மதிப்பெண் இடும் ஐஃபிக்சிட் நிறுவனம் ஏர்பாட்ஸுக்குப் பத்துக்குப் பூச்சியம் வழங்கியது. உள்ளே இருக்கும் சிறு பேட்டரியை, கருவியைச் சிதைக்காமல் வெளியே எடுக்க வழியில்லை. பேட்டரி சோர்ந்தால் கருவியும் குப்பைக்குத்தான்.

துளையை எடுத்ததற்காகப் போட்டி நிறுவனமான சாம்சங் தன் விளம்பரத்தில் ஆப்பிளைக் கேலி செய்தது. 2019 ஆகஸ்டில் சாம்சங்கின் நோட் 10 வந்தபோது அதிலும் அந்தத் துளை இல்லை. 2020 அக்டோபரில் ஐபோன் 12-இன் பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. மீண்டும் சாம்சங் கேலி செய்தது. 2021 ஜனவரியில் அதன் எஸ் 21 கைப்பேசியும் சார்ஜர் இன்றியே வந்தது. சந்தையில் போட்டி இருந்தால் நுகர்வோர் நலம் தானே காக்கப்படும் என்று நமக்குப் பாடம் சொல்கிறவர்கள் இந்த நான்காண்டு நாடகத்தைச் சற்றே எண்ணிப்பார்க்கட்டும். ஒருவரை ஒருவர் பழித்தவர்கள், பறிப்பதில் ஒன்றுபட்டு நின்றார்கள்.

சுற்றுச்சூழலைக் காக்கவே சார்ஜரை எடுத்தோம் என்று காரணம் சொன்னார்கள். அக்காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பழைய சார்ஜர் பல வீடுகளில் கிடக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பரிவு உண்மையானால், எல்லாக் கைப்பேசிக்கும் ஒரே செருகுமுனை போதும் என்று ஐரோப்பிய ஒன்றியம் முனைந்தபோது ஆப்பிள் ஏன் எதிர்த்தது? 2022-இல் ஒன்றியம் சட்டம் இயற்றிய பின்னரே, 2023 செப்டம்பரில், ஐபோன் 15 பொதுச் செருகுமுனையோடு வந்தது. பூமியின் மீது கொண்ட பரிவு செலவைக் குறைக்கும்போது மட்டும் பேசி, வருவாயைக் குறைக்கும்போது வாய் மூடிக்கொள்ளுமானால், அதைப் பரிவு என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

இவற்றினும் பாரதூரமானது ஒன்று உண்டு. 2017 டிசம்பரில், பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருள் மூலம் குறைத்து வந்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. நேர்மையோடு பேசுவதானால், இதற்கும் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருந்தது. தேய்ந்த பேட்டரி திடீரென்று மிகுந்த மின்சாரத்தைத் தர இயலாது. அப்போது கைப்பேசி தானே அணைந்துவிடும். அதைத் தடுக்கவே வேகத்தைக் குறைத்தோம், புதியது வாங்க வைப்பதற்காக அன்று என்று நிறுவனம் கூறியது. இருக்கட்டும். குற்றம் வேகத்தைக் குறைத்ததில் மட்டும் இல்லை. சொல்லாமல் குறைத்ததில் இருக்கிறது. பேட்டரியை மாற்றினால் போன் பழைய வேகத்துக்குத் திரும்பும் என்பதை அறியாத எத்தனையோ பேர், தம் போனுக்கு வயதாகிவிட்டது என்று நம்பியிருப்பார்கள். புதியதை வாங்கியும் இருப்பார்கள். 2018-இல் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. 2020-இல் பிரான்சு ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தவர்களோடு 50 கோடி டாலர் வரை தர உடன்பட்டார்கள். இத்தனைக்கும் தொடக்கம் ஓர் எளிய உண்மையை மறைத்ததுதான்.

திருகாணியும் பசையும்

நம் இல்லங்களில் ஒருகாலத்தில் இருந்த வானொலிப் பெட்டிகளை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். பல பெட்டிகளின் முதுகுப் பலகையைத் திறந்தால் உள்ளே மின்சுற்று வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். அந்த வரைபடம் ஒரு மரியாதை. 'இது உன் பெட்டி. இதன் உள்ளே இருப்பதை அறியும் உரிமை உனக்கும் உன் ஊர் மெக்கானிக்குக்கும் உண்டு' என்று செய்தவர் வாங்கியவரிடம் சொல்லாமல் சொன்ன சொல் அது. இன்றைய கைப்பேசியில் திருகாணிக்குப் பதில் பசை. வரைபடத்துக்குப் பதில் பூட்டு.

பூட்டு என்று நாம் சொல்வது உவமை அன்று. ஒரு கைப்பேசியின் திரையையும் பேட்டரியையும் கேமராவையும் அதன் தாய்ப்பலகையோடு எண்ணால் பிணைத்துவிடும் முறை ஒன்று வழக்கில் வந்தது. இன்னொரு போனிலிருந்து கழற்றிய அசல் திரையையே பொருத்தினாலும், நிறுவனத்தின் மென்பொருள் அந்தப் பிணைப்பை ஏற்றாலொழிய, எச்சரிக்கைச் செய்தி தோன்றும். சில வசதிகள் செயல்படா. சென்னை ரிச்சி தெருவிலும் நம் சிறு நகரங்களின் பேருந்து நிலையங்களை ஒட்டியும் பூதக்கண்ணாடியை அணிந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். மயிரிழை போன்ற இணைப்புகளைச் சூட்டுக்கோல் நுனியால் உயிர்ப்பிக்கும் கைத்திறன் உடையவர்கள் அவர்கள். அவர்களில் பலர் பொறியியல் கல்லூரியைக் கண்டதில்லை. அவர்கள் திறமையைச் செல்லாக்காசாக்க ஒரு மென்பொருள் வரி போதும். இது நுகர்வோரின் உரிமையை மட்டும் பறிக்கவில்லை. உழைப்பவரின் மாண்பையும் சேர்த்தே பறிக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இத்தகைய பிணைப்பைத் தடுத்து 2024 மார்ச்சில் சட்டம் இயற்றியது. அங்கே குற்றமாகத் தெரிந்தது இங்கே வழக்கம் என்று கடந்து போவதற்கு நாம் ஏன் பழகிக்கொள்ள வேண்டும்?

நம்மைப் பார்க்கும் பெட்டி

தொலைக்காட்சிக்கு வருவோம். முன்பெல்லாம் ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு பெட்டி. ஊரே கூடிப் பார்க்கும். பின்னர் வீட்டுக்கொரு பெட்டி வந்தது. தமிழக அரசே 2006 முதல் வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாக வழங்கியது. அந்தப் பெட்டிகளைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும் ஒன்று உறுதி: நாம் அவற்றைப் பார்த்தோம், அவை நம்மைப் பார்க்கவில்லை.

இணையத்தோடு இணைந்த இன்றைய ஸ்மார்ட் பெட்டிகள் அப்படி அல்ல. திரையில் ஓடும் காட்சியின் சிறு சிறு மாதிரிகளை எடுத்து, அவற்றை ஒரு பெரும் தொகுப்போடு ஒப்பிட்டு, இந்த வீட்டில் இப்போது இன்ன நிகழ்ச்சி ஓடுகிறது என்று கண்டறியும் நுட்பம் அவற்றில் பலவற்றில் உண்டு. விசியோ என்ற அமெரிக்க நிறுவனம் 2014 முதல் 1.1 கோடி பெட்டிகளின் வழியே, வீட்டார் பார்ப்பதை நொடிக்கு நொடி திரட்டியது. கேபிள் வழியாக வந்த நிகழ்ச்சியும், வட்டில் போட்டுப் பார்த்த படமும்கூட அதற்குத் தப்பவில்லை. அத்தகவல்கள் பிறருக்கு விற்கப்பட்டன. வீட்டாரின் வயது, பாலினம், வருமானம், மணவாழ்க்கை நிலை ஆகிய விவரங்களை அவற்றோடு இணைப்பதற்கும் வழி செய்யப்பட்டது. அமெரிக்க நடுவண் வணிக ஆணையம் தொடுத்த வழக்கு 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டுவதோடு முடிந்தது.

தண்டம் கட்டியபின் அந்நிறுவனம் மனம் மாறி வணிகத்தைக் கைவிட்டதா? இல்லை, இசைவு பெறும் பொத்தானைச் சேர்த்துக்கொண்டு அதைப் பெருக்கியது. 2021-இல் விசியோவின் கணக்கு வெளியானபோது, பெட்டிகளை விற்றதில் கிடைத்ததைக் காட்டிலும் விளம்பரமும் தகவலும் சார்ந்த பிரிவிலேயே மொத்த இலாபம் கூடுதலாக இருந்தது. 2024-இல் வால்மார்ட் அந்த நிறுவனத்தை 230 கோடி டாலருக்கு வாங்கியது. பெரிய திரைகள் ஏன் இவ்வளவு மலிவாகிவிட்டன என்று வியப்பவர்களுக்கு விடையில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. குறைந்த விலையின் மிச்சத்தை நாம் நம் மாலைப் பொழுதுகளால் செலுத்துகிறோம்.

நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் புதிய பெட்டியை மாட்ட வரும் இளைஞர், வீட்டாரைக் கேட்காமலே, நாற்பது பக்க நிபந்தனைக்கு 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறார். தீர்ப்பு டில்லியில் இருக்கிறது. பொத்தான் நம் கூடத்தில் இருக்கிறது.

தொலைவிலிருந்து கொல்லும் கை

பொருள் யார் சொற்படி நடக்கிறது என்று தொடக்கத்தில் கேட்டோம். விடை வேண்டுவோர் சோனோஸ் நிறுவனத்தின் கதையை அறிவது நல்லது. வீட்டில் இசை கேட்பதற்கான விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளைச் செய்யும் நிறுவனம் அது. பழைய கருவியைக் கைவிட்டால் புதியதற்கு 30 விழுக்காடு தள்ளுபடி என்று 2019-இல் அறிவித்தது. அதற்குரிய நிபந்தனை, கருவியை மறுசுழற்சி நிலைக்கு மாற்ற வேண்டும் என்பது. மாற்றினால் 21 நாளில் அது நிரந்தரமாகச் செயலிழந்துவிடும். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியை, இன்னொரு வீட்டில் பாட விடாமல், கொன்று புதைப்பதற்குச் சூட்டிய பெயர் மறுசுழற்சி! மக்கள் கொதித்தபின், 2020 மார்ச்சில் அந்நிபந்தனையை நீக்கினார்கள். 2024 மே மாதத்தில் அதே நிறுவனம் தன் செயலியை மாற்றியமைத்தது. முன்பிருந்த வசதிகள் பல ஒரே இரவில் காணாமற்போயின. காசு கொடுத்து வாங்கியவரின் வீட்டுக்குள், அவர் உறங்கும்போது, அவர் பொருளின் இயல்பை மாற்றிவிட்டார்கள். எதிர்ப்பு ஓயாமல், 2025 ஜனவரியில் நிறுவனத்தின் தலைமை அலுவலர் பதவி விலக நேர்ந்தது.

கருவிக்கே இந்நிலை என்றால், அதில் பார்ப்பதற்கென வாங்கியவற்றின் நிலை என்ன? 2023 டிசம்பரில் சோனி நிறுவனம், தன் பிளேஸ்டேஷன் கடையில் பணம் கட்டி வாங்கப்பட்ட டிஸ்கவரி நிகழ்ச்சிகள் ஆண்டின் இறுதியோடு வாங்கியவரின் தொகுப்பிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தது. நிறுவனங்களுக்கு இடையேயான உரிம ஒப்பந்தமே காரணம். கண்டனம் எழுந்தது, புதிய ஒப்பந்தத்தின் பேரில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் உண்மை வெளிப்பட்டுவிட்டது: வாங்கு என்ற பொத்தானை அழுத்தியவர் எதையும் வாங்கவில்லை, பார்ப்பதற்கு இசைவு மட்டும் பெற்றிருந்தார். எனவேதான் கலிபோர்னியா மாநிலம், 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால், நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லை மின்வடிவப் பொருள் விற்போர் பயன்படுத்துவதைத் தடுத்தது. சொல்லுக்குப் பொருள் வேண்டும் என்று வலியுறுத்தவே ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

மறுப்புகளும் விடைகளும்

நம் கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். அவற்றை ஒதுக்குவது முறையன்று.

முதலாவது: 'இது முன்னேற்றத்துக்கு எதிரான புலம்பல்' என்பார்கள். இல்லை. கண்பார்வை இல்லாதவருக்கு எழுத்தைப் படித்துச் சொல்கிறது கைப்பேசி. வளைகுடா நாட்டில் வேலை செய்யும் தந்தையின் முகத்தை மழலைக்குக் காட்டுகிறது. இவை பெரும் நன்மைகள், நாம் மறுக்கவில்லை. இத்தகைய நன்மை தரும் பொருள் நீண்டநாள் உழைக்க வேண்டும், ஏழையும் பழுது பார்த்து வைத்துக்கொள்ளத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதே நம் வாதம். மேலும், அறிவிக்கப்படுவன எல்லாம் முன்னேற்றம் என்று யார் சொன்னது? 2010-இல் முப்பரிமாணத் தொலைக்காட்சியே எதிர்காலம் என்று முழங்கினார்கள். மக்கள் கண்ணாடி அணிந்து கூடத்தில் அமரப் போகிறார்கள் என்றார்கள். 2017-இல் எல்.ஜி.யும் சோனியும் அதைக் கைவிட்டபோது எந்த மேடையிலும் விழா இல்லை. வாங்கியவர்களிடம் கண்ணாடிகள் எஞ்சின.

இரண்டாவது: 'புதியன வந்தால்தான் நம் பிள்ளைகளுக்கு வேலை' என்பார்கள். இது நம் மண்ணைத் தொடும் வாதம். ஏனெனில் உலகம் கையில் வைத்திருக்கும் ஐபோன்களில் ஒரு பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தில் நம் பெண்மக்களின் விரல்களால் பொருத்தப்படுகிறது. வேலை வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் எத்தகைய வேலை? திருப்பெரும்புதூரில் 2006-இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா ஆலை, நிறுவனம் கைமாறியபோது வரித் தகராறில் சிக்கி, 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வீடு திரும்பினர். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்தபின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் செய்யும் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தம் சங்கத்துக்கு ஏற்பு வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். புதிய பொருளின் அறிவிப்பு நாள்கள் பிசகுவதில்லை. அதைச் செய்பவரின் குறைந்தபட்ச உரிமைக்கு மட்டும் முப்பத்தேழு நாள் தெருவில் நிற்க வேண்டியிருக்கிறது. வேலையைக் காட்டி நம் வாயை அடைக்க முயல்வோர் முதலில் இதற்கு விடை சொல்லட்டும். பழுது பார்ப்பதும் வேலைதான் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த வேலையை எந்த நிறுவனமும் இன்னொரு நாட்டுக்கு மாற்றிவிட முடியாது.

மூன்றாவது: 'வாங்கச் சொல்லி யார் கட்டாயப்படுத்தினார்கள்?' என்பார்கள். இதுவே மிகவும் நயமான வாதம். மிகவும் வெற்று வாதமும்கூட. வங்கிக் கணக்கும், தொடர்வண்டிப் பயணச்சீட்டும், பிள்ளையின் பள்ளி அறிவிப்பும் கைப்பேசிக்குள் போய்விட்ட நாட்டில், அது விருப்பப் பொருள் அன்று. பழைய இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை என்று ஒரு செயலி அறிவித்தால், நன்றாக இயங்கும் கருவியையும் மாற்றித்தான் ஆக வேண்டும். பணம் உள்ளவர் மாற்றிக்கொள்வார். கூலி வேலை செய்பவர் தவணைக்குக் கையெழுத்திடுவார். அந்தத் தவணை முடியும் முன்னரே அடுத்த அறிவிப்பு வந்துவிடும். இங்கே சுதந்திரம் என்ற சொல்லைப் பயன்படுத்துவது அச்சொல்லுக்கு இழைக்கும் அநீதி.

இந்தச் சுழலின் முடிவில் என்ன கிடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையை உண்டாக்கியது என்று ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால் பங்குக்கும் குறைவு. எஞ்சியதில் ஒரு பகுதி டில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில், செம்புக் கம்பிக்காக எரிக்கப்படுகிறது. பொன் துகளுக்காக அமிலத்தில் தோய்க்கப்படுகிறது. நாம் கழித்ததைச் சுவாசிப்பது அங்குள்ள ஏழைகளின் நுரையீரல்.

செய்யத் தக்கவை

இது மாற்ற முடியாத விதி என்று சொல்வோரை நம்ப வேண்டாம். 2021 ஜனவரியில் பிரான்சு நாட்டில் கைப்பேசி, தொலைக்காட்சி முதலிய பொருள்களின் விலைச் சீட்டருகே, பழுது பார்க்கும் எளிமைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் கைப்பேசியின் பேட்டரி, 800 முறை முழுதாக ஏற்றி இறக்கியபின்னும் தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டைக் காத்திருக்க வேண்டும். விற்பனை நின்றபின் ஏழாண்டுக்கு உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். மென்பொருள் மேம்பாடு ஐந்தாண்டுக்காவது தொடர வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் மென்பொருள் தர இயலாது என்று இருந்தவர்களில், கூகுள் 2023 அக்டோபரிலும் சாம்சங் 2024 ஜனவரியிலும் தம் உயர்விலைக் கைப்பேசிகளுக்கு ஏழாண்டு தருவதாக அறிவித்தன. அப்படியானால் முன்பு இயலாமல் இருந்ததா, மனமில்லாமல் இருந்ததா?

நம் நடுவண் அரசும் 2022-இல் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவையும் இணையவாயிலையும் அமைத்தது. பழுது பார்க்கும் எளிமைக்கான குறியீட்டை வகுக்க 2024 செப்டம்பரில் அமைந்த குழு, 2025 மே மாதத்தில் தன் அறிக்கையை அளித்தது. பரிந்துரை போதாது, பொருளின் மேல் அச்சிட்டுத்தான் தீர வேண்டும் என்ற கட்டாயம் வேண்டும். ஏழாண்டு வாக்குறுதி உயர்விலைப் பொருளுக்கு மட்டும் என்பதும் ஏற்கத் தக்கதன்று. பத்தாயிரம் ரூபாய்க் கைப்பேசியை வாங்குபவருக்கே அது மிகவும் தேவை. இவற்றைக் கேட்பது நுகர்வோர் அமைப்புகளின் கடமை மட்டும் அன்று. வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வருவோரிடம் சாலையும் குடிநீரும் கேட்பது போல இதையும் கேட்கலாம்.

அதுவரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. கடைக்குப் போகிறவர்கள் நிறத்தையும் கேமராவையும் பார்க்கும் முன், விற்பவரிடம் இவற்றைக் கேட்கட்டும்: எத்தனை ஆண்டுக்கு மென்பொருள் வரும்? பேட்டரியை மாற்ற எவ்வளவு ஆகும், எங்கே மாற்றலாம்? உதிரி பாகம் நம் ஊரில் கிடைக்குமா? பெட்டியில் கண்காணிப்பை அணைக்கும் வழி எங்கே இருக்கிறது? விடை தெரியாமல் விற்பவர் விழித்தால், அந்த விழிப்பே பாதி விடை. கையில் இருப்பது இயங்குமானால், அதன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலியாவது சேரும். வீட்டில் ஸ்மார்ட் பெட்டி இருந்தால், இன்று மாலையே அதன் அமைப்புகளைத் திறந்து, தந்த இசைவைத் திரும்பப் பெறுங்கள். நிகழ்ச்சி அதனால் ஒருபோதும் குறைந்துவிடாது.

கருத்துச் சொல்லும் சுதந்திரம் நமக்கு நிறையவே தரப்பட்டிருக்கிறது. நிறத்தைப் பற்றியும் அகலத்தைப் பற்றியும் நாம் எவ்வளவு பேசினாலும் எந்த நிறுவனமும் வருந்தாது, அதுவும் விளம்பரமே. அவர்கள் அஞ்சுவது வேறொரு நுகர்வோரை. பழைய கைப்பேசியைக் கூச்சமின்றி எடுத்துப் பேசுகிறவரை, வாங்குமுன் கேட்கிறவரை, வாங்கியபின் இது என்னுடையது என்று உறுதியாகச் சொல்கிறவரை. அத்தகையோர் பெருகும் நாளில், அறிவிப்பு மேடைகளில் பேசப்படும் பேச்சும் மாறியே தீரும்.